ட்ரோனைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்

கிராமத்துப் படம் என்றாலே இப்போது முதல் ஷாட் ட்ரோன்தான். பச்சை வயல், நடுவே வளைந்து போகும் ரோடு, அதில் எறும்பு மாதிரி ஒரு பைக். தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் ‘செம விஷுவல்’ என்கிறார். எனக்கு எரிச்சல் வருகிறது.

கேமரா எங்கே நிற்கிறதோ அங்கேதான் நம்மையும் நிறுத்துகிறார்கள். லோ ஆங்கிளில் ஹீரோவின் செருப்பிலிருந்து மேலே ஏறினால் நாம் அவர் காலடியில் கிடக்கிறோம். கண்மட்டத்தில் வைத்தால் எதிரே உட்கார்ந்து பேசுகிறோம். சரி, 300 அடி உயரத்தில் வைத்தால் நாம் யார்? திண்டிவனம் பக்கம் மனை விற்கும் விளம்பரங்களைப் பாருங்கள். அதே ட்ரோன், அதே சுழற்சி, அதே பில்டப் மியூசிக். அது நிலம் வாங்க வந்தவரின் பார்வை. அந்த உயரத்திலிருந்து சதுர அடி தெரியும், அங்கே களை பறிக்கிறவரின் முகம் தெரியாது.

திருவக்கரை கல்மரப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம். ட்ரோனுக்கு அவை செம்மண்ணில் சிதறிய பாறைகள், அவ்வளவுதான். குந்தி உட்கார்ந்து கிட்டே பார்த்தால்தான் மரத்தின் ஆண்டு வளையம் தெரியும். இது கல் இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு நின்ற மரம் என்று உறைக்கும். க்ளோசப் செய்கிற வேலை அதுதான்.

‘அப்போ நிலத்தின் விரிவை எப்படிக் காட்டுவது?’ என்று கேட்பீர்கள். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) காட்டியிருக்கிறதே. தேனி ஈஸ்வரின் கேமரா ரங்கசாமியோடு சேர்ந்து மலையில் ஏறி இறங்குகிறது. அவர் மூச்சு வாங்குவது நமக்குப் பழகிவிடுகிறது. கடைசியில், பறிபோன தன் நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக அவர் உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் கேமரா மேலே போகிறது. கண்ணுக்கு எட்டியவரை காற்றாலைகள். அந்த உயரம் வலிக்கிறது, ஏனென்றால் கீழே புள்ளியாகிப் போகிற ஆளை நமக்கு நன்றாகத் தெரியும்.

ஆளைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பறந்துவிட்டால் என்ன மிச்சம்? ஒரு வால்பேப்பர். பட்ஜெட்டைக் குறை சொல்ல முடியாது. ட்ரோன் வாடகைக்குக் காசு இருக்கிறது, ஒரு முகத்தின் முன்னால் கேமராவை வைத்துக் காத்திருக்கத்தான் பொறுமை இல்லை. நாமும் சும்மா இல்லை, கைதட்டி அதை வளர்த்துவிட்டோம். அடுத்த முறை ‘செம விஷுவல்’ என்று வாய் வரும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: அந்த ஷாட்டில் யாருடைய முகமாவது தெரிகிறதா?