மூளைக் கொதிப்பு

கத்திரி வெயிலில் மனிதருக்கு மூளை கொதிப்பது சகஜம். சென்ற மே மாதத்தில் நமது சென்னை வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அந்த வியாதி கண்டது.

முதலில் அது 'ஹோ' என்று இரையத் தொடங்கிற்று. பிறகு நடை தளர்ந்தது. ஒரு கடிதத்தைத் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்து முடித்துவிடலாம் என்ற நிலைமை வந்தது. கடைசியில், நமது புதல்வி மூன்று வாரம் உழைத்து எழுதிய கல்லூரிக் கட்டுரையை முடிக்கும் தறுவாயில், யாதொரு முன்னறிவிப்புமின்றிக் கண்ணை மூடிவிட்டது. கட்டுரையைச் சமர்ப்பிக்க நான்கே நாள்தான் பாக்கி. அப்போது வீட்டில் எழுந்த கூக்குரலை வர்ணிக்க வேண்டியதில்லை.

பக்கத்துத் தெருக் கடைக்காரரிடம் யந்திரத்தைத் தூக்கிச் சென்றோம். "ஏழு வருஷத்துப் பழசா? ஆயுள் முடிந்துவிட்டது, ஸார், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று சொல்லி, ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு ஒரு விலைப் பட்டியலையும் கையில் கொடுத்தார். உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாடி பிடித்துப் பாராமலே மரண அத்தாட்சி எழுதும் வைத்தியரை நாம் அன்றுதான் கண்டோம். வீட்டில் இருந்த ஐம்பதினாயிரமோ அடுத்த வருஷக் கல்லூரிச் சம்பளத்திற்காக ஒதுக்கி வைத்த தொகை. எனவே யந்திரத்தோடு வீடு திரும்பி, நாமே வைத்தியத்தில் இறங்குவதென்று துணிந்தோம்.

நிற்க. வியாதியின் காரணத்தை முதலில் அறிய வேண்டும். 1971-ல் இண்டெல் கம்பெனியார் வெளியிட்ட 4004 என்னும் பிராஸஸரில் சுமார் 2,300 டிரான்ஸிஸ்டர்கள் இருந்தன. இன்றைய பிராஸஸர்களில் அவை நூறு கோடிக் கணக்கில் இருக்கின்றன. நமது யந்திரத்தின் பிராஸஸர் 65 வாட் மின்சாரத்தை உட்கொள்வது. 60 வாட் குண்டு விளக்கைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அவ்வளவு சூடும் இங்கே கட்டை விரல் நகமளவு இடத்தில் பிறக்கிறது. அதை வாங்கிக்கொள்ளப் பிராஸஸரின் தலைமேல் செம்பினாலோ அலுமினியத்தினாலோ ஆன 'ஹீட் ஸிங்க்' என்ற கவசம் உண்டு. கவசத்தின் சூட்டைக் காற்றில் விரட்ட ஒரு விசிறி உண்டு. இரண்டு உலோகப் பரப்புகளும் பார்வைக்கு வழவழப்பாகத் தோன்றினும், நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்கும். காற்றோ, செம்பைக் காட்டிலும் பதினையாயிரம் மடங்கு மந்தமாகவே சூட்டைக் கடத்தும். அப்பள்ளங்களை நிரப்புவதற்காகத்தான் 'தெர்மல் பேஸ்ட்' என்னும் பசையைத் தடவுகிறார்கள்.

சூடு 100 டிகிரி ஸெண்டிகிரேடை நெருங்கும்போது பெரும்பாலான பிராஸஸர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடுகின்றன. கிழடு தட்டிவிட்டதென்று நாம் திட்டித் தீர்த்த யந்திரம், உண்மையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

மறுநாள் அதிகாலைக் குளிர்ச்சியில் யந்திரம் பத்து நிமிஷம் ஓடிற்று. அதற்குள் கட்டுரையை ஒரு பென் டிரைவில் பிரதி செய்துகொண்டோம். எந்தச் சிகிச்சைக்கும் இதுவே முதற்படி. பிறகு மின்சார இணைப்பைப் பிடுங்கி, உள்ளே மிஞ்சிய மின்சாரம் வடியும்படி விசையை ஒருமுறை அழுத்தி, யந்திரத்தின் உலோகச் சட்டத்தைத் தொட்டு நம் உடம்பிலுள்ள நிலை மின்சாரத்தையும் போக்கிக்கொண்டு, திருப்புளியை எடுத்தோம்.

உறையைக் கழற்றியதும் திகைத்துவிட்டோம். கவசத்தின் தகடுகளுக்கிடையே கம்பளி நெய்ததுபோல் ஏழு வருஷத்துத் தூசி அடைத்திருந்தது! மெல்லிய தூரிகையாலும், ரப்பர்க் குமிழைப் பிதுக்கி ஊதும் காற்றாலும் அதை அகற்றினோம். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்வது நலம். மின்சாரம் வழங்கும் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

பிறகு கவசத்தை இலேசாகத் திருகி எடுத்தோம். வெடுக்கென்று இழுத்தால், சில வகைகளில் பிராஸஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பழைய பசை கோடைக் குளத்துச் சேறுபோல் காய்ந்து வெடித்திருந்தது. ஐஸோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, புதுப் பசையை ஒரு பட்டாணி அளவு மட்டும் வைத்தோம். தாராளம் இங்கே உதவாது. பசை காற்றைவிட மேலானதாயினும் செம்பைவிட மிகவும் மந்தம். கவசத்தைப் பொருத்தி, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினோம்.

வெற்றிப் பெருமிதத்துடன் விசையை அழுத்தினோம். விசிறி ஓடவில்லை என்ற எச்சரிக்கைதான் திரையில் வந்தது! நமது பெருமிதம் பறந்தது. "அப்பா, விசிறியின் வயர் தொங்குகிறதே!" என்று சுட்டிக் காட்டினாள் புதல்வி. மறுபடி அணைத்து, வயரைச் செருகினோம். பழைய இரைச்சல் இல்லை. முன்பு ஐந்து நிமிஷத்தில் 99 டிகிரியைத் தொட்ட யந்திரம், ஒரு மணி நேரம் உழைத்த பின்பும் 71 டிகிரிக்கு மேல் போகவில்லை. செலவு முந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கட்டுரையும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

மடிக் கணினி வைத்திருப்போர் இத்தனை துணிச்சல் கொள்ள வேண்டாம். அதன் உள்ளமைப்பு நுட்பமானது. பாட்டரி உப்பியிருந்தால் தொடவே கூடாது. மெத்தைமேல் வைத்துக் காற்று வழியை அடைக்காமல் இருந்தாலே பாதி உபத்திரவம் தீரும்.

2022-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தார் கழித்துப் போட்ட மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் தூசியடைத்த குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றவை எத்தனையோ! பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்தால் மறுபடி பூசிப் பேரன் காலம்வரை புழங்கிய குடும்பங்கள் நம்முடையவை. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தியை நாம் ஏன் இழக்க வேண்டும்?

போகிக்கு முன் வீட்டில் ஒட்டடை அடிக்கும் நேயர்கள், இந்த வருஷம் அந்தப் பெட்டியின் உறையையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கட்டும்.