பேர் இல்லாத பத்திரிகை!

கோவை,

சாயங்காலம் ஆறு மணி. காந்திபுரத்தில் இருந்து பீளமேடு போகிற டவுன் பஸ். நிற்கக்கூட இடம் இல்லை. ஆனாலும் பஸ்சில் பேச்சுச் சத்தம் இல்லை! உட்கார்ந்தவர், நின்றவர், கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்... அத்தனை பேர் தலையும் குனிந்திருக்கிறது. அத்தனை பேர் கையிலும் செல்போன்!

திடீரென்று ஒருவர் பக்கத்து சீட்காரரை இடிக்கிறார்.

"ஏனுங்ண்ணா, இதைப் பாத்தீங்களா? அக்கிரமமுங்க!"

"எந்த ஊருங்க இது?"

"தெரியலீங்க. நம்ம குரூப்புல வந்துச்சு."

"யார் போட்டதுங்க?"

"அதுவும் தெரியலீங்க!"

ஊர் தெரியாது. ஆள் தெரியாது. தேதி தெரியாது. இருந்தும் பக்கத்து சீட்காரர், "எனக்கும் ஒண்ணு அனுப்பி விடுங்க" என்கிறார். பஸ் லட்சுமி மில்ஸ் தாண்டுவதற்குள் அந்தப் படம் இன்னும் நாலு குரூப்புக்குப் போய்விட்டது!

"படம்தானே, போனால் போகட்டும்" என்று சொல்லலாம். அப்படிச் சொல்கிறவர்கள் 2023-ம் ஆண்டை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

டீக்கடை தகராறு

2023 ஜனவரி. பொங்கல் சமயம். திருப்பூர் வேலம்பாளையம் பகுதியில், டீக்கடைப் பக்கம் ஒரு தகராறு. பனியன் கம்பெனி வடநாட்டு தொழிலாளர்கள் சிலருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் வாய்ச்சண்டை வந்து, கைச்சண்டை ஆனது. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய சமாசாரம்.

ஆனால் அதை ஒருவர் செல்போனில் படம் பிடித்திருந்தார். சில நாட்கள் கழித்து அந்தப் படம் வெளியே வந்தது. "தமிழர்களை வடநாட்டார் ஓட ஓட விரட்டுகிறார்கள்" என்று தலைப்பு வேறு! ஊரெல்லாம் ஒரே கொதிப்பு.

போலீசார் விசாரித்தார்கள். சிகரெட் பிடித்ததில் ஆரம்பித்த தகராறு என்றும், வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை என்றும் சொன்னார்கள். சம்பந்தப்பட்டவர்கள் கைதானார்கள். கொதிப்பு மெல்ல அடங்கியது.

ஆனால் ஒன்றரை மாதத்தில் அதே திருப்பூர்... அதே செல்போன்... கதை மட்டும் தலைகீழ்!

வடக்கே கிளம்பிய பீதி

2023 மார்ச் மாத ஆரம்பம். "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித்தேடி அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள்" என்று வடக்கே படங்கள் பரவின. பாட்னாவில் சட்டசபையிலேயே அமளி!

அப்போது தமிழக போலீஸ் டி.ஜி.பி.யாக இருந்தவர் சைலேந்திரபாபு. அவர் உடனே ஒரு விளக்கம் வெளியிட்டார். "பரவுகிற இரண்டு படங்களும் பொய்யானவை. ஒன்று, பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் சண்டை போட்டது" என்பது அவர் சொன்ன விளக்கம்.

அதாவது, தமிழனும் தமிழனும் சண்டை போட்ட படத்தைக் காட்டி, "தமிழன் பீகாரியை வெட்டுகிறான்" என்று கதை கட்டிவிட்டார்கள்!

இன்னொரு படத்தில் சிலர் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அது தமிழ்நாட்டிலேயே எடுத்தது இல்லை. பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் வைத்து எடுத்த நாடகம் என்று பீகார் போலீசாரே சொன்னார்கள்.

ஹோலி கூட்டம்

அந்த ஆண்டு ஹோலிப் பண்டிகை மார்ச் 8-ந்தேதி. வழக்கம்போல தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுடன் ரெயில் ஏற வந்தார்கள். தீபாவளிக்கு நம்ம ஆட்கள் சென்னையில் இருந்து கோயம்பேடு வழியாக ஊர் திரும்பியதைப் போலத்தான் இதுவும். ஆனால் அந்த ரெயில்வே ஸ்டேஷன் கூட்டத்தையும் படம் எடுத்து, "பார்... பயந்து ஓடுகிறார்கள்!" என்று போட்டார்கள்.

பண்டிகைக்குப் போன கூட்டத்தில், நிஜமாகவே பயந்து போனவர்களும் இருந்தார்கள். ஊரில் இருக்கிற அம்மா அழுதுகொண்டே போன் செய்தால் எந்தப் பையன்தான் இங்கே இருப்பான்? "அங்கே ஒன்றும் இல்லையம்மா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று மகன் சொல்வதை அம்மா நம்பவில்லை. பேர் தெரியாத எவனோ அனுப்பிய படத்தை நம்பினாள்!

இந்தப் புரளியில் நேரடியாக அடி வாங்குவது யார்?

இந்தியாவில் இருந்து ஏற்றுமதியாகிற பருத்திப் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூர் சரக்கு. தையல் மெஷினில், செக்கிங்கில், பேக்கிங்கில் வடநாட்டு ஆட்கள் இல்லாத கம்பெனி குறைவு. கணபதி பக்கம் பவுண்டரிகளில் அவர்கள். கட்டிட வேலையில் அவர்கள். ஓட்டலில் மேஜை துடைப்பதும் அவர்கள்.

ஆள் நின்றால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் ஆர்டர் நிற்கும். ஆர்டர் நின்றால், அந்தக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற உள்ளூர்க்காரர் சம்பளமும் நிற்கும். கம்பெனி வாசலில் டீக்கடை போட்டிருப்பவர் கல்லாவும் காலி. வடநாட்டான் பிரச்சினை என்று நினைத்தது கடைசியில் நம்ம வீட்டுப் பிரச்சினை ஆகிறது!

ஓடி வந்த அதிகாரிகள்

முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின், பீகார் முதல்-மந்திரி நிதிஷ்குமாருடன் டெலிபோனில் பேசினார். பீகாரில் இருந்து நான்கு அதிகாரிகள் கொண்ட குழு புறப்பட்டு வந்தது. குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? பாலமுருகன் என்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரி! பீகார் அரசு அனுப்பிய ஆளுக்கே பெயர் பாலமுருகன். தமிழன் வேறு, பீகாரி வேறு என்று கோடு போட நினைத்தவர்களுக்கு இந்த ஒரு பெயரே பதில்.

அந்தக் குழு திருப்பூருக்கு வந்தது. கோவைக்கும் வந்தது. தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசியது. நிலைமை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. போலீசார் உதவி எண்களை அறிவித்தார்கள். இந்தி தெரிந்தவர்களை வைத்துப் பேச வைத்தார்கள்.

புரளி கிளப்பியதாக யூடியூப் பிரமுகர் மணீஷ் காஷ்யப் என்பவர் கைதானார். அவர் மீது தேசிய பாதுகாப்பு சட்டமும் பாய்ந்தது. அந்தச் சட்டம் பாய்ந்ததை 2023 நவம்பரில் மதுரை ஐகோர்ட்டு கிளை ரத்து செய்தது. டிசம்பரில் அவர் ஜாமீனில் வெளியே வந்தார். படத்தை அனுப்பிவிட்டு பஸ் இறங்கிப் போன ஆயிரக்கணக்கானவர்கள் ஜெயிலுக்கும் போகவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை.

புரளி புதுசா?

"அந்தக் காலத்தில் புரளியே இல்லையாக்கும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இருந்தது!

1995 செப்டம்பர் 21-ந்தேதி, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோவிலுக்கு ஓடியது. அப்போது செல்போன் ஏது? அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் முதல் செல்போன் பேச்சே நடந்தது. எஸ்.டி.டி. பூத்திலேயே அந்தச் சேதி நாட்டைச் சுற்றி வந்துவிட்டது. ஸ்பூனில் இருந்த பால் கல்லைத் தொட்டதும் வழிந்து இறங்குகிறது என்று விஞ்ஞானிகள் கலர் பால் வைத்துக் காட்டினார்கள்.

அந்தப் புரளியில் போனது கொஞ்சம் பால். 2018-ல் போனது உயிர்!

2018 மே 9-ந்தேதி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், சென்னையில் இருந்து குலதெய்வக் கோவிலுக்கு உறவினர்களுடன் காரில் போனார் ஒரு வயதான அம்மா. வழியில் பார்த்த குழந்தைக்குச் சாக்லெட் கொடுத்தார்கள். "பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது" என்று செல்போனில் ஏற்கெனவே புரளி பரவியிருந்தது. கூட்டம் கூடியது. அடித்தது. அந்த அம்மா இறந்தே போனார்.

குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த பாட்டி! நம்ம வீட்டுப் பாட்டியும் அதைத்தானே செய்வார்?

அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளில் இதே மாதிரி கொலைகள் நடந்தன. அதன்பிறகுதான், 2018 ஜூலையில், ஒரு சேதியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்-அப் கம்பெனி கட்டுப்பாடு போட்டது. பல கை மாறி வந்த சேதியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாட்டை இறுக்கியது.

அடியில் ஒரு வரி

ஒரு செய்தித்தாளைக் கையில் எடுங்கள். எங்கேயாவது ஓர் ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், எந்த இடத்தில் அச்சானது, ஆசிரியர் யார் என்று அதில் இருக்கும். வடை மடித்துக் கொடுக்கிற பேப்பரிலும் அந்த வரி இருக்கும். யாரும் படிப்பது இல்லை!

ஆனால் அந்த வரிதான் பத்திரிகையின் ஜாமீன். 1867-ல், வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அதைப் போடச் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. சட்டம் மாறினாலும் விஷயம் ஒன்றுதான். தப்பாக எழுதினால் வாசலில் வந்து நின்று கேட்க ஒரு விலாசம் வேண்டும். கோர்ட்டுக்கு இழுக்க ஓர் ஆள் வேண்டும்.

பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அரிச்சந்திரன் என்று யாரும் சொல்லவில்லை. 2023 பீதியிலும் ஒரு பெரிய இந்தி நாளேட்டின் ஆசிரியர் மீது திருப்பூர் போலீசார் வழக்குப் போட்டார்கள். எப்படிப் போட முடிந்தது? பேரும் விலாசமும் இருந்ததால்தான்!

செல்போனில் வருகிற படத்துக்கு அடியில் அப்படி ஒரு வரி உண்டா? கிடையாது. ஒவ்வொரு செல்போனும் ஒரு அச்சாபீஸ்தான். ஒவ்வொருவரும் ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். பேர் போடாத பத்திரிகை!

அனுப்பினாலும் குற்றம்

"நான் எழுதலீங்க. வந்ததை அனுப்புனேன், அவ்வளவுதானுங்க" என்று தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது செல்லாது. ஒரு சேதியை அடுத்தவருக்கு அனுப்புவது அதை ஒப்புக்கொண்டு ஆதரிப்பதற்குச் சமம் என்று சென்னை ஐகோர்ட்டு 2018-லேயே சொல்லிவிட்டது. மக்களிடம் பீதியையோ பகையையோ கிளப்புகிற பொய்ச் சேதியைப் பரப்பினால் 3 ஆண்டு வரை ஜெயில் என்று சட்டம் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அது 505-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதுச் சட்டத்தில் 353-வது பிரிவு.

செல்போனே கெட்டது என்று சொல்வதும் சரியில்லை. பெட்டிக்கடைக்காரர் சில்லறைக்கு அல்லாடாமல் பணம் வாங்குவது அதில்தான். 2023-ல் பீதியை அடக்க போலீசார் வெளியிட்ட விளக்கம் போனதும் அதே செல்போனில்தான். அரிவாள் தேங்காயும் உடைக்கும், தலையும் உடைக்கும். பிடித்திருக்கிற கையைப் பொறுத்தது.

நாலே கேள்வி

அனுப்புகிற பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் நாலு கேள்வி போதும்.

எந்த ஊர்? எந்தத் தேதி? எடுத்தது யார்? வேறு எந்தப் பத்திரிகையிலாவது வந்திருக்கிறதா?

நாலில் இரண்டுக்குப் பதில் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். மேலே இரட்டை அம்புக்குறி தெரிந்தால் இன்னும் ஜாக்கிரதை. பல கை மாறி வந்த சரக்கு என்று அதற்கு அர்த்தம். கிழிந்த நோட்டைக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கடைக்காரர், கிழிந்த சேதியை மட்டும் பார்க்காமல் வாங்கிப் போடலாமா?

பெரிய கடைவீதியில் பத்து ரூபாய் சாமான் வாங்கினாலும் பேரம் பேசுகிற ஊர் இது. தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறார்கள். வெண்டைக்காயை நுனி கிள்ளிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்த சாமர்த்தியத்தில் கால்வாசியைச் செல்போனில் காட்டினாலே போதும். பாதிப் புரளி பஸ் ஸ்டாண்டைத் தாண்டாது.

இன்றைக்கும் சாயங்காலம் பஸ்சில் யாராவது பக்கத்து சீட்டில் இருந்து இடிப்பார்கள். "இதைப் பாத்தீங்களா?" என்று நீட்டுவார்கள்.

"பாத்தேனுங்க. அச்சிட்டவர் பேர் எங்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

அங்கேயே நின்றுவிடும், அந்தப் பத்திரிகை!