எச்சரிக்கை தீர்ப்பாகுமா?

ஓலைச் சுவடியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் தமிழ் இடம்பெயர்ந்து விட்டது. வினாத்தாள் அமைத்தல், ஆய்வேடு தட்டச்சு செய்தல், இம்மலரைத் தொகுத்தல் ஆகிய அனைத்தும் இன்று கணினி வழியே நிகழ்கின்றன. எனவே மென்பொருளைப் பற்றிய சிந்தனை கணினித் துறையினர்க்கு மட்டுமே உரியது என்று தமிழ்த் துறையினராகிய நாம் ஒதுங்கியிருத்தல் இயலாது.

இம்மலர்ப் பணியின்போது நேர்ந்த இரு நிகழ்வுகளே இக்கட்டுரைக்குக் காரணம். தமிழ் விசைப்பலகை மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்தோம். நிறுவ முற்பட்டதும் வைரஸ் தடுப்பு மென்பொருள் எச்சரித்து, அக்கோப்பைத் தனியே ஒதுக்கி வைத்தது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் உரிமம் உடைக்கப்பட்ட படியைப் பென் டிரைவில் கொணர்ந்தார். அதற்கும் எச்சரிக்கை எழுந்தது. “தடுப்பு மென்பொருளைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு நிறுவுங்கள், ஒன்றும் ஆகாது” என்றார் அவர். நம்முள் ஒரு சாரார் இரண்டையும் அழித்துவிட வேண்டும் என்றனர். மறு சாரார் இரண்டையும் நிறுவலாம் என்றனர். இரு சாராருமே ஆராயவில்லை என்பதே நம் கருத்து.

எச்சரிக்கை என்பது ஒரு செய்தி, அது தீர்ப்பன்று. செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:6) நமக்குக் கற்பிக்கிறது. தீயவன் செய்தி கொணர்ந்தாலும் அதை உடனே ஏற்கவோ உடனே தள்ளவோ அது பணிக்கவில்லை. தீர விசாரிக்கவே பணிக்கிறது. அறியாமையால் குற்றமற்றோர்க்குத் தீங்கிழைத்துவிடலாகாது என்பதே அதன் காரணமாகவும் கூறப்படுகிறது. இந்நெறி கணினிக்கும் பொருந்தும்.

எச்சரிக்கை பிழைபடுவது ஏன்?

தடுப்பு மென்பொருள் மூன்று வகையில் ஐயுறுகிறது. முன்பே அறியப்பட்ட தீய நிரலின் அடையாளம் கோப்பில் இருந்தால் ஐயுறும். தீய நிரலின் நடத்தையை ஒத்த நடத்தை தென்பட்டால் ஐயுறும். உலகில் மிகச் சிலரே பயன்படுத்திய புதுக் கோப்பாயின், அறிமுகம் இல்லாத காரணத்தாலேயே ஐயுறும். முதல் வகை பெரும்பாலும் உறுதியானது. ஏனைய இரண்டும் ஊகங்கள்.

தமிழ் விசைப்பலகை மென்பொருள் செய்வது யாது? நாம் அழுத்தும் விசை ஒவ்வொன்றையும் இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றித் தருகிறது. கடவுச்சொல் திருடும் மென்பொருளும் விசை ஒவ்வொன்றையும் இடைமறிக்கிறது. செயல் ஒன்று, நோக்கம் வேறு. நோக்கத்தை இயந்திரம் எங்ஙனம் அறியும்? மேலும், தமிழ் மென்பொருளைப் பயன்படுத்துவோர் தொகை ஆங்கில மென்பொருளினதைப் போன்று பெரிதன்று. ஆர்வத்தால் அதனை ஆக்கி இலவசமாக வழங்கும் தனி மனிதர் பலர்க்கு, மின்னொப்பச் சான்றிதழை ஆண்டுதோறும் விலைகொடுத்துப் பெறும் வசதியும் இல்லை. ஆகவே குற்றம் செய்யாமலேயே ஐயத்திற்கு ஆளாவது தமிழ் மென்பொருளுக்கு எளிதில் நேர்கிறது. ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் அஞ்சி நாம் அவற்றை அழித்துக்கொண்டே போனால் இழப்பு தமிழுக்கே.

பெருநிறுவனங்களும் இப்பிழைக்கு விலக்கல்ல. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத உறுப்பாகிய எஸ்விசிஹோஸ்ட் என்னும் கோப்பையே வைரஸ் எனக் கருதி ஒதுக்கிற்று. பல நாடுகளில் கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன. காவலனே வீட்டுக்காரனைக் கள்வன் எனப் பிடித்த கதை இது.

தொடரும் உரையும்

பின் எவ்வாறு ஆராய்வது? இதற்கான முறை நம் முன்னோரிடமே உள்ளது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை இரு கூறுகளாகப் பகுத்தனர்: அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாத், செய்தியின் உரையாகிய மத்ன். இமாம் முஸ்லிம் (ரஹ்) (மறைவு கி.பி. 875) தம் தொகுப்பின் முன்னுரையிலேயே தொடரின் இன்றியமையாமையை எடுத்துரைத்துள்ளார்கள். தொடர் அறுந்ததா, இடையில் நம்பத்தகாதவர் உளரா என்பதை முதலில் ஆராய்ந்தனர். தொடர் செம்மையாயினும் உரையில் குறை உண்டா என்பதையும் நோக்கினர்.

மென்பொருளின் இஸ்னாத் எது? ஆக்கியோனிடமிருந்து நம் கைக்கு அது வந்த வழியே. ஆக்கியோனின் சொந்தத் தளத்திலிருந்து வந்ததா, இடைத்தரகர் தளத்திலிருந்தா? கோப்பின் பண்புகளைக் காட்டும் பகுதியில் மின்னொப்பம் உள்ளதா? அதிலுள்ள பெயர் ஆக்கியோனுடையதா? ஆக்கியோன் வெளியிட்ட எஸ்.எச்.ஏ-256 என்னும் 64 இலக்கச் சரிபார்ப்புக் குறியீடு நம் கோப்பின் குறியீட்டோடு ஒத்துள்ளதா? கோப்பில் ஓர் எழுத்து மாறினும் இக்குறியீடு முற்றும் மாறிவிடும். எனினும் கோப்பு இருந்த பக்கத்திலேயே குறியீடும் இருப்பின், கோப்பை மாற்றிய கள்வன் குறியீட்டையும் மாற்றியிருக்கக்கூடும். எனவே வேறோர் இடத்திலிருந்து அதனைப் பெற்று ஒப்பிடுதல் நலம்.

தொடர் மட்டும் செம்மையாயிருந்தால் போதுமா? போதாது. 2017 ஆகஸ்ட் 15 அன்று வெளியான சிகிளீனர் மென்பொருளின் 5.33ஆம் பதிப்பு ஆக்கியோனின் தளத்திலிருந்தே வந்தது. முறையான மின்னொப்பமும் பெற்றிருந்தது. ஆயினும் ஆக்கியோனின் இல்லத்திலேயே நுழைந்த பகைவர் அதனுள் தீய நிரலைப் பொதித்திருந்தனர். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் 22 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளில் அது புகுந்துவிட்டது. ஆதலின் மத்னையும் நோக்க வேண்டும்: எழுத்துரு மாற்றும் மென்பொருளுக்கு வலையமைப்பில் என்ன வேலை? விசைப்பலகைக்கு நம் கோப்புகள் அனைத்தையும் திறக்கும் உரிமை எதற்கு? செய்யும் பணிக்கும் கேட்கும் உரிமைக்கும் பொருத்தமில்லையெனில் ஐயம் வலுப்பெறுகிறது.

சான்றுகளின் எண்ணிக்கை

ஒரே கோப்பை எழுபதளவிலான தடுப்பு மென்பொருள்களைக் கொண்டு சோதிக்கும் வைரஸ்டோட்டல் என்னும் சேவை 2004இல் ஸ்பெயினில் தோன்றி, 2012இல் கூகுள் வசமாயிற்று. அதில் எத்தனை மென்பொருள்கள் எச்சரிக்கின்றன என்பதை மட்டும் எண்ணிப் பலர் முடிவு கட்டுகின்றனர். சுவடிப் பதிப்பை அறிந்த நாம் அங்ஙனம் செய்யலாகாது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டே பாடம் தெளிந்தார். ஒரே மூலப்படியிலிருந்து பெயர்த்தெழுதிய பத்துச் சுவடிகள் ஒரே பிழையைக் காட்டினால், அவை பத்துச் சான்றுகள் ஆகா. ஒரு சான்றே ஆகும். தடுப்பு மென்பொருள்களுள்ளும் சில, பிறருடைய ஆய்வுப் பொறியையே வாங்கிப் பயன்படுத்துகின்றன.

எண்ணிக்கையோடு, என்ன பெயர் சொல்கின்றன என்பதையும் நோக்க வேண்டும். ‘பொது வகை’, ‘ஐயத்திற்குரியது’ என ஓரிரு பொறிகள் மட்டும் கூறின் அஃது ஊகம். தொடர்பற்ற பல பொறிகள் ஒரே தீய நிரலைப் பெயர் சுட்டிக் கூறின், அதனை விலக்குவதே முறை. ஒன்றை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்: அச்சேவையில் இடும் கோப்பு பிற ஆய்வாளர் கைக்கும் செல்லும். ஆதலின் வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை அங்கு இடலாகாது.

அமானிதம்

இவ்வகையில் ஆராய்ந்தபோது விசைப்பலகை மென்பொருளின் தொடர் செம்மையாக இருந்தது. இரு பொறிகளே ஊகமாக ஐயுற்றன. தடுப்பு மென்பொருள் நிறுவனத்திற்கே அக்கோப்பை அனுப்பி மறு ஆய்வு வேண்டினோம். சில நாள்களில் எச்சரிக்கை நீக்கப்பட்டது, பின்னரே நிறுவினோம். உரிமம் உடைத்த படிக்கோ தொடரே இல்லை. உடைத்தவன் யார், உடைத்தபோது உள்ளே எதை வைத்தான் என்பதைக் கூற எவரும் இல்லை. காவலனை உறங்கச் செய்துவிட்டு உள்ளே வருகிறேன் என்பவனை விருந்தினன் எனக் கொள்வாருண்டோ? அன்றியும், பிறர் உழைப்பை விலையின்றிக் கவர்தல் நமக்கு ஆகுமானதும் அன்று.

துறைக் கணினி நம் சொந்த உடைமை அன்று. ஆய்வு மாணவரின் மூன்றாண்டு உழைப்பும், மாணவியரின் முகவரிகளும், மதிப்பெண்களும் அதில் உள்ளன. அவை அமானிதம். நம் சொந்தக் கணினியில் துணிந்து ஏற்கும் இடரை, பிறர் பொருள் வைத்த கணினியில் ஏற்க நமக்கு உரிமை இல்லை. ஆராய்ந்த பின்னும் ஐயம் நீங்காதாயின் விட்டு விலகுதலே பேணுதலுடையோர் வழி.

எனவே துறைதோறும் ஒரு பதிவேடு வேண்டும் என்பது நம் பரிந்துரை. எந்த மென்பொருள், எங்கிருந்து, எந்நாளில், எவரால், எவ்வகைச் சோதனைக்குப் பின் நிறுவப்பட்டது என்பதை அதில் எழுதி வைத்தல் வேண்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. தீங்கு நேரும் நாளில் தொடரைப் பின்னோக்கிச் சென்று காண அதுவே உதவும். அறிவிப்பாளரை ஆராய்ந்த மரபிலும், சுவடிகளை ஒப்பிட்ட மரபிலும் வந்த நமக்கு, இது புதிதாகக் கற்க வேண்டிய கலை அன்று.