மடிப்பு மாறினால் சேலை புதிதாகுமா?

ஆரணியில் பட்டு நெய்பவர் ஒருவரிடம் அவர் நெய்த சேலையையே வேறு விதமாக மடித்துக் காட்டி, 'இது புதுச்சேலை, இனி இருபது ஆண்டுகளுக்கு இதை வேறு எவரும் நெய்யக் கூடாது' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். தறிக்குழியில் கால்வைத்துப் பழகியவருக்கு நெசவு வேறு, மடிப்பு வேறு. இந்த எளிய வேறுபாட்டை நிலைநாட்ட நம் நாட்டில் ஏழாண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்குத் தரப்படும் இமாட்டினிப் மருந்தைச் சொல்கிறேன். மூல மருந்து ஏற்கெனவே அறியப்பட்டது. அதன் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னையில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் அதை நிராகரித்தது. அறிந்த பொருளின் புதுவடிவம் கூடுதல் பலன் தராவிடில் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. படிகம் ஈரத்தைக் குறைவாக ஏற்கும், உடலில் கூடுதலாகச் சேரும் என்றெல்லாம் வாதிட்டார்கள். நோய் கூடுதலாகத் தீர்கிறதா என்பதே உச்ச நீதிமன்றத்தின் கேள்வி. 2013 ஏப்ரல் 1இல் மேல்முறையீடும் தோற்றது.

பந்தயப் பொருள் என்ன? நிறுவனத்தின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். அதையே இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன. தினமும், பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரை இது. பலருக்கு இலவசமாகவே கொடுத்தோம் என்றது நிறுவனம், கொடுத்ததும் உண்மை. ஆனால் கொடை நிறுத்தப்படலாம். உயிரைத் தயவில் விடுவதா?

காப்புரிமை இல்லாவிடில் ஆய்வு நின்றுவிடும் என்பார்கள். இம்மருந்தின் ஆய்வில் முதன்மைப் பங்காற்றிய பிரையன் ட்ரக்கரே அதன் விலை தமக்குச் சங்கடம் தருவதாக 2007இல் எழுதினார். ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அது ஊர்ப்பெயரைக் காக்கிறது. காஞ்சிபுரத்தில் தறி ஓடுவதைத் தடுப்பதில்லை.

நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. அரசு? காப்புரிமை செல்லும் மருந்தையும் விலை எட்டாதபோது பிறர் தயாரிக்கக் கட்டாய உரிமம் வழங்கலாம். 2012 மார்ச்சில் நெக்ஸாவருக்கு அப்படி வழங்கியபோது மாதம் 2,80,000 ரூபாய் என்றிருந்த விலை 8,800 ஆயிற்று. அதன்பின் இன்னொரு மருந்துக்கு அந்த உரிமம் வழங்கப்படவில்லை. சட்டம் இருக்கிறது, நோயாளி இருக்கிறார், தயாரிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்திட வேண்டியவர் யாருக்காகக் காத்திருக்கிறார்?