வானிலிருந்து வரும் தகவல் யாரைச் சென்றடைகிறது?

2024 ஏப்ரல் இறுதியில் நைனிடால் மலைக்காடுகள் எரிந்தபோது, விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் நீர் மொண்டு வந்து கொட்டிய காட்சியை நாடே பார்த்தது. தொலைக்காட்சிக்கு ஏற்ற காட்சிதான். ஆனால் காட்டுத்தீயில் வானூர்தியின் முதற்பயன் நீர் கொட்டுவதன்று. தீ எங்கே நிற்கிறது, எந்தச் சரிவை நோக்கி நகர்கிறது என்பதைக் கீழே போராடுவோருக்கு உரிய நேரத்தில் தெரிவிப்பதாகும்.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது. மதிக்கத்தக்க பணி இது. எனினும் அச்செயற்கைக்கோள்கள் ஓரிடத்தை நாளொன்றுக்குச் சில முறையே கடக்கின்றன. அவற்றுள் நுட்பமான கருவியின் ஒரு படப்புள்ளியே தரையில் சுமார் 375 மீட்டர். பைன் சருகில் பற்றிய தீ அடுத்த கடப்புவரை காத்திருப்பதில்லை. அமெரிக்க வனத்துறை, அகச்சிவப்புக் கருவி பொருத்திய விமானங்களை இரவில் பறக்கவிட்டு, புகையை ஊடுருவித் தீயின் எல்லையை வரைந்து, காலையில் குழுக்கள் புறப்படுமுன் வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறது. இங்கும் ஹைதராபாத்தின் தேசிய தொலையுணர்வு மையம் சொந்த விமானங்கள் வைத்திருக்கிறது. பொதுத்துறையில் திறன் உண்டு. அதைத் தீக்காலத்தின் அன்றாடப் பணியாக்கும் அரசியல் விருப்பம்தான் இல்லை.

அந்த வரைபடத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர்களின் நிலை என்ன? 2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனப்பணியாளர் நால்வர் அன்றே கருகி மாண்டனர். தீக்காவலரும் தினக்கூலியும் அவர்களுள் அடக்கம். அதற்கு முந்தைய மாதம்தான், தீக்காலத்தில் வனப்பணியாளர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன், கேட்ட நிதியில் ஒரு பகுதியை மட்டும் விடுவித்தது ஏன் என்று உச்சநீதிமன்றம் வினவியிருந்தது. பருவகாலக் கூலிக்கு அமர்த்தப்பட்டு, தீப்புகா உடையோ கம்பியில்லாக் கருவியோ இன்றி மலையேறுபவனுக்கு, தலைநகரின் கணினித் திரையில் ஒளிரும் புள்ளியால் என்ன பயன்?

ஆகவே கோரிக்கை இரண்டும் ஒன்றாகவே எழுப்பப்பட வேண்டும். இரவு அகச்சிவப்புப் பறப்புகளை ஒன்றிய அரசு தன் செலவில், தனியாருக்குக் குத்தகை விடாமல் நடத்த வேண்டும். அத்தரவு அன்றே வனப் பஞ்சாயத்துகளுக்கும் கிராம சபைகளுக்கும் செல்ல வேண்டும். தீக்காவலர்கள் நிரந்தரப்படுத்தப்பட்டு, உடையும் கருவியும் காப்பீடும் பெற வேண்டும். உத்தராகண்டில் தீக்காலம் பிப்ரவரி 15 அன்று தொடங்குகிறது. நிதி அதற்கு முன்னரே மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.