நூற்றாண்டு மலரில் இல்லாதவர்கள்

தோட்ட நிறுவனம் ஒன்றின் நூற்றாண்டு மலரை அண்மையில் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். வழவழப்பான தாள், அழகான படங்கள். நிறுவனர், அவருக்குப் பின் வந்த தலைவர்கள், அவர்கள் வாங்கிய தோட்டங்கள் என எல்லாம் ஆண்டுவாரியாக இருந்தன. பால்மரம் வெட்டியவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம். அதன்கீழ் 'தொழிலாளர்கள்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் துரையின் நாய்க்குப் பெயர் இருந்தது!

நிறுவனங்களின் வரலாறு எழுதப்பட வேண்டியதுதான். கத்ரி நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 1821இல் சிங்கப்பூரில் வணிக நிறுவனமாகத் தொடங்கிய அது, பின்னர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு உரிமையாளரானது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் அதன் பெரும்பான்மைப் பங்குகள் மலேசியாவின் கைக்கு வந்தன. அந்தக் காலைப்பொழுதின் கதை எந்தத் துப்பறியும் கதைக்கும் குறைந்ததன்று.

ஆனால், இத்தகைய நூல்கள் பலவற்றை நிறுவனங்களே பணம் கொடுத்து எழுதச் செய்கின்றன. எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. அவர் கைக்குக் கிடைப்பவை கூட்டக் குறிப்புகள், ஆண்டறிக்கைகள், லண்டனுக்குப் போன கடிதங்கள் ஆகியவைதாம். அவற்றை எழுதியவர்கள் மேலாளர்கள். விடியுமுன் பெரட்டில் நின்றவர் கடிதம் எழுதவில்லை; எழுதியிருந்தாலும் அதைக் கோப்பில் சேர்த்து வைக்க யார் இருந்தார்? 1930ஆம் ஆண்டு வாக்கில் ரப்பர் விலை சரிந்தது. நிறுவன வரலாற்றில் அது 'செலவு குறைக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியாக முடிந்துவிடலாம். கூலிக் குறைப்பும், கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பல்லாயிரம் பேரும் அந்த வரிக்குள்தான் இருக்கிறார்கள்.

தொழிலாளர்களே முதலாளிகளான கதையும் நம்மிடம் உண்டு. 1950களில் பெரிய தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. பிழைப்பும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் நிலை. துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது. இந்தக் கதையும் பெரும்பாலும் ஒரு தலைவரின் கதையாகவே சொல்லப்படுகிறது. அவருடைய பங்கு பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும், வீட்டுச் செலவைச் சுருக்கி அந்தப் பத்து வெள்ளியை எடுத்து வைத்த பெண்ணிடம், எதை நம்பிக் கட்டினீர்கள் என்று கேட்டு எழுதியவர்கள் எத்தனை பேர்?

கேட்பதற்கு வழியில்லாமல் போய்விடவில்லை. சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிவு செய்யப்பட்டு வருகிறது. சங்கத்தின் தொடக்கக்கால உறுப்பினர் சிலராவது இன்றும் நம்மிடையே இருப்பார்கள். இருப்பினும், நாள் அதிகமில்லை. தோட்டங்களின் பழைய செக்ரோல் ஏடுகளில் ஒவ்வொருவரின் பெயரும், வேலைக்கு வந்த நாளும், பெற்ற கூலியும் கிராணியின் கையெழுத்தில் இருக்கும். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறி அலுவலகத்தைக் காலி செய்யும்போது, அந்த ஏடுகள் குப்பைக்குப் போகாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஒரு நூற்றாண்டு மலருக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்குப் போதும்.