ஒரே மாவு, அஞ்சு பலகாரம்: அமெரிக்கக் கார்களைக் கெடுத்தது மாவு இல்லீங்க!

அமெரிக்கக் கார்களைப் பத்தி யார் எழுதினாலும் ஒரு தீர்ப்பு தவறாம வந்துடுது. "எல்லா பிராண்டுக்கும் ஒரே பிளாட்பார்மைப் போட்டாங்க, அதனாலதான் நாசமாப் போனாங்க." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்களே. இது பாதி உண்மை. பாதி உண்மை எவ்வளவு ஆபத்துன்னு நம்ம பதிவர்களுக்குச் சொல்லணுமா என்ன?

பிளாட்பார்ம்னா ரயிலடி இல்ல :-) அடிச்சட்டம், சஸ்பென்ஷன், தரைத்தகடுன்னு வாங்குறவன் கண்ணுல படாத, ஆனா உருவாக்குறதுக்குக் கோடிக்கணக்குல செலவாகுற சமாச்சாரம். அதை ஒருதடவை ஒழுங்காச் செஞ்சுட்டு, மேல வேற வேற காரைக் கட்டுறது. ஒரே மாவுல இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் சுடுற மாதிரி. இதுல என்னங்க பாவம்?

ஜெனரல் மோட்டார்ஸையே எடுத்துக்குவோம். ஆல்ஃபிரட் ஸ்லோன் போட்ட ஏணி: செவர்லே, பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக், உச்சியில காடிலாக். சம்பளம் ஏற ஏற ஆளும் ஒவ்வொரு படியா ஏறணும். 1960கள்ல செவர்லே இம்பாலா, பாண்டியாக் கேடலினா, ஓல்ட்ஸ் 88, ப்யூக் லெசேபர் எல்லாம் 'பி-பாடி'ங்கிற ஒரே குடும்பம்தான். ஆனா ஒவ்வொருத்தருக்கும் சொந்த வி-8 இன்ஜின், சொந்த முகம். 1965ல இம்பாலா மட்டுமே 10 லட்சத்துக்கு மேல வித்துச்சு. பங்கு போட்டதுதான் வியாதின்னா, அந்த வருஷமே படுத்திருக்கணுமே?

1973ல எண்ணெய்த் தடை. 1975ல மைலேஜ் சட்டம். பெரிய காரை இளைக்க வெச்சே ஆகணும். 1977 பி-பாடி முந்தினதை விட சுமார் 300 கிலோ எடை குறைஞ்சு வந்துச்சு, உள்ளே உக்கார இடம் குறையாம. ஒரு டிசைன் செலவை நாலஞ்சு பிராண்டு சேர்ந்து சுமந்ததாலதான் இது முடிஞ்சது. பங்கீட்டைத் திட்டுறவங்க இந்தக் காரைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க.

அப்போ தப்பு எங்கே? அதே 1977ல ஓல்ட்ஸ்மொபைல் வாங்குனவங்க பானெட்டைத் திறந்து பாத்தா, சில வண்டிகள்ல உள்ளே செவர்லே இன்ஜின்! 'ராக்கெட்' வி-8னு வருஷக்கணக்கா விளம்பரம் பண்ணி வளர்த்த பேரு அது. கேஸ் மேல கேஸ். 200 டாலரும் கூடுதல் வாரண்டியும் தர்றோம்னு கம்பெனி இறங்கி வந்துச்சு. அந்த இன்ஜின் மட்டமான இன்ஜினும் இல்ல. ஊத்தப்பம்னு காசு வாங்கிட்டு, தோசையில ரெண்டு வெங்காயத்தைத் தூவி, சொல்லாமக் கொடுத்தாங்க. அதுதான் குத்தம்.

1980கள்ல முகத்தையும் பங்கு போட்டாங்க. காடிலாக் எது, ப்யூக் எது, ஓல்ட்ஸ் எதுன்னு தெரியாம ஆளுங்க குழம்புற மாதிரி லிங்கன் ஒரு டிவி விளம்பரமே எடுத்துக் கிண்டலடிச்சுது. இதுல கூத்து என்னன்னா, கிண்டலடிச்ச லிங்கன் டவுன் கார் நின்னதும் ஃபோர்டோட 'பேந்தர்' பிளாட்பார்ம் மேலதான். ஃபோர்டு, மெர்குரி பெரிய கார்களும் அதே மாவு. ஆனா டவுன் கார் பாக்க டவுன் காராவே இருந்துச்சு. விஷயம் அவ்வளவுதான்!

பேந்தர் 1979 மாடல்ல தொடங்கி 2011 வரைக்கும் ஓடுச்சு. போலீஸ், டாக்ஸி, லிமோசின் எல்லாம் அதுதான். அடிச்சா தாங்கும், சல்லிசா ரிப்பேர் பண்ணலாம். குறையே இல்லைன்னு சொல்லல. பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னாடி இருந்ததால, வேகமா பின்னால மோதினப்போ போலீஸ் கார்கள் தீப்பிடிச்சு ஆட்கள் செத்திருக்காங்க. மாவு பொதுன்னா அதுல விழுந்த கல்லும் பொது. அதனால பொதுவானதை ரெண்டு மடங்கு கவனமாச் செய்யணும். முப்பது வருஷம் கறந்துட்டுத் தீனி போடாம விட்டா பசு என்ன பண்ணும்?

இன்னொண்ணு. 1996ல பி-பாடியை நிறுத்திட்டு, டெக்சாஸ் ஆர்லிங்டன் ஆலையைப் பெரிய எஸ்.யூ.வி.க்குத் திருப்பினாங்க. அங்கே வர்ற செவர்லே டாஹோ, ஜி.எம்.சி. யூகான், காடிலாக் எஸ்கலேட் மூணுக்கும் அடிச்சட்டம் ஒரே குடும்பம். பேட்ஜ் மாத்தி ஏமாத்துறான்னு அன்னைக்குக் கத்தின ஊரு, எஸ்கலேட்டுக்கு மட்டும் அள்ளிக் கொடுக்குது. ஏன்? உள்ளே ஏறினா வித்தியாசம் தெரியுது.

ஓல்ட்ஸ்மொபைல் 2004ல போச்சு, பாண்டியாக் 2010ல, மெர்குரி 2011ல. கொன்னது அடிச்சட்டம் இல்லீங்க; மேல எதையும் செய்யாம விலையை மட்டும் வேற வேறயா ஒட்டின சோம்பேறித்தனம்.

மறுப்பு இருக்கிறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க. ஆனா "பிளாட்பார்ம்தான் காரணம்"னு மொட்டையா போடாதீங்க, 1965 இம்பாலாவுக்குப் பதில் சொல்லிட்டுப் போடுங்க :-)